பூவாத்தாளம்மா கொண்டுவந்த கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டருக்கு வரும் நோயில் பாதி, அழுக்கு. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் ஒன்று கையில் இருந்தால் போதும், ஐயா, பல மிஷினுக்கு உயிர் வந்துவிடும். நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பஞ்சு பறந்து வந்து எல்லா மிஷினுக்குள்ளும் மெத்தை போட்டுப் படுத்திருக்கும். அதைத் தட்டி எடுப்பதிலேயே என் பிழைப்பு ஓடுகிறது. பெருமாள்சாமி கையில் கொடுத்தால் ஆகாதது இல்லை என்று யாரை விசாரித்தாலும் சொல்வார்கள்.

பூவாத்தாளம்மாவும் அப்படிக் கேள்விப்பட்டுத்தான் வந்தார். பனியன் கம்பெனி முதலாளியம்மா. டிரைவர் ஆத்தப்பன் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து என் மேசையில் வைத்தார்.

“எம்பையன் தரணி கொரலு இதுக்குள்ள இருக்குதுங்க தம்பி. எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க. ஒருக்கா அவன் பேசறதக் கேட்டாப் போதுமுங்க” என்றார்.

மகன் தரணீதரன், அமராவதி நகர் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து இறந்தவன். பாட்டுப் பாடி அந்த மிஷினில் ரெக்கார்டு செய்து வைத்திருந்தான்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். என் மனைவி சித்ராதேவி அவர் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஒருநாள் முதலாளியம்மாவின் தோடு ஒன்றைக் காணவில்லை. அன்றைக்கு ஆபீஸ் பக்கம் போய்வந்தவள் சித்ரா. அவளை கேட்டில் நிறுத்தி, ஷிப்டு முடிந்து போகிற அத்தனை பேர் முன்னாலும் சேலையை உதறிக் காட்டச் சொன்னார் இந்தம்மா. அழுதுகொண்டே ரோட்டைத் தாண்டியவள் லாரியைப் பார்க்கவில்லை. தோடு அன்று சாயங்காலமே அவர் காருக்குள் கிடைத்தது. துக்கத்துக்கு யாரோ ஒரு சூப்பர்வைசர் மாலையோடு வந்தார். அந்தம்மா வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்கும். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.

ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மிஷினுக்குள் தரணி ஆசைப்பட்டு வாங்கிச் சொருகிய சவுண்ட் கார்டு ஒன்று இருந்தது. அதைச் செய்தவர்கள் அந்த மாடலைக் கைகழுவிப் பல வருஷம் ஆகிறது. இடையில் எவனோ ஒரு புண்ணியவான் புது விண்டோஸை ஏற்றிவிட்டான். அதற்கு இந்தக் கார்டை அடையாளமே தெரியவில்லை. பாட்டை மட்டும் எடுத்துப் போனில் போட்டுக் கொடுக்கலாமே என்பீர்கள். முடியாது. கார்டோடு வந்த சாப்ட்வேரில் பதிந்த பாட்டு அது, கார்டு வேலை செய்தால்தான் திறக்கும்.

கார்டின் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்து, வேறு இடத்தில் சொருகினேன். போர்டிலேயே இருக்கிற சவுண்டை நிறுத்தினேன். இதன் தம்பி மாடலை ஓட்டுவதற்கென்று வந்த டிரைவர் சாப்ட்வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குள் இந்தக் கார்டின் நம்பரைக் கையால் எழுதினேன். விண்டோஸ் ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, அந்தக் காவலையும் தூக்கினேன். ஸ்பீக்கர் கொர்ரென்றது. பிறகு ஒரு பையன் தொண்டையைக் கனைத்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வயிறு பற்றிக்கொண்டது. இந்தம்மாவுக்குச் செத்த பிள்ளையின் குரலாவது மிச்சம் இருக்கிறது. என் சித்ராவின் குரல் என்னிடம் இல்லை. அவள் போனும் அந்த லாரிக்கு அடியில்தான் போனது.

பாட்டுகளுக்கு நடுவே பையன் பேசியதும் பதிந்திருந்தது. ஓரிடத்தில் காபி கேட்டு, “அம்மா” என்கிறான். இன்னோரிடத்தில் யாரோ சிநேகிதனிடம் போனில், “தனியாத்தான் இருக்கறேன், வாடா” என்கிறான். இரண்டையும் எடுத்தேன். அந்த ‘டா’வை வெட்டத்தான் பாடுபட்டேன், மூச்சு அறுபடுவது காதுக்குத் தெரியக் கூடாது. எந்தப் பாட்டு அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, அது முடிந்து சற்று அமைதி விட்டு ஒட்டினேன். அம்மா. தனியாத்தான் இருக்கறேன். வா.

நானாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எல்லாம் அவன் வாயில் வந்தது.

மிஷினைத் திரும்ப வாங்க அவர் வந்த அன்று அந்தப் பாட்டைப் போட்டேன். முதல் வரியிலேயே தேம்பிவிட்டார். “மிச்சத்த வீட்ல போயி தனியா உக்காந்து கேளுங்கம்மா” என்று நிறுத்தினேன். மடத்துக்குளம் தோட்டத்து வீட்டில் வைத்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டாராம். கிணற்று மேட்டில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் சுப்பண்ணன் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டு, இது நம்ம பையன் பேசினது இல்லை என்று ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஆகும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். நினைத்துத்தான் ஒட்டினேன்.

ஆனால் அந்தம்மா என்னிடம் கடைசிவரை மன்னிப்பாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று காலையில் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். ஆத்தப்பன் சொன்னதுதான் உண்மை. அன்று கடையிலிருந்து மிஷினைத் தூக்கும் முன்னால் அவர் சுவரில் இருந்த சித்ரா படத்தைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“இது நம்ம சித்ராப் புள்ளைங்களா? ஐயோ சாமி. தோடு எங்க கார்லயே கெடந்துதுங்க தம்பி. உங்க மூஞ்சில முழிக்கத் தகிரியம் வரலீங்க. நாம்பண்ணுனது பாவமுங்க, மன்னிச்சுப்போடுங்க.”

ரோட்டு இரைச்சலில் காதில் விழவில்லை என்று ஆத்தப்பனிடம் சமாளித்தேன். விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை, கேட்டதற்கு மேலாகவே வந்தது. மிஷின் அப்போது என் மேசையில்தான் இருந்தது. அந்தத் துண்டை அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. நான் வயரைச் சுருட்டி ஆத்தப்பன் கையில் கொடுத்தேன்.

‘டா’வை வெட்டின இடம் அத்தனை சுத்தமாக வந்திருந்தது, ஐயா. அழிக்க மனசு வரவில்லை.