நீலி என்ற ஒரு சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் தமிழ் மன்றத் தலைவர் அவர்களே, திருப்பதி நண்பர்களே, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்திருக்கும் அம்மையாரின் சொந்தங்களே, வணக்கம்.

சொல்லாய்வாளர், பேராசிரியர் தாட்சாயணி அம்மையாருக்கு இரங்கல் சொல்ல என்னை அழைத்தீர்கள். அவரோடு ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் அகராதி வேலை பார்த்தவன் நான். எதைச் சொல்வேன்? எந்தச் சொல்லை எடுத்துச் சொல்வேன்?

சாயச் செடிகளின் பெயர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். அவற்றுள் அவரை விடாமல் பிடித்துக்கொண்ட சொல் நீலி. நீலச் சாயம் தரும் அவுரிச் செடிக்கு நீலி என்று பெயர். கருநிறக் காளிக்கும் நீலி என்று பெயர். பொய்யாக அழும் வஞ்சகியும் நீலி. தெலுங்கில் கேட்டால் அது நீல நிறம். இந்தச் சொல்லின் வேர் தமிழா, வடமொழியா என்று நாங்கள் மோதிக்கொள்வோம். அவர் கேள்வியோ வேறு. ஒருமுறை காளஹஸ்திக் கூட்டத்தில் ஒருவர், பெண்கள் அழுதாலே நீலிக் கண்ணீர்தான் என்று சொல்லிச் சிரித்தார். அம்மையார் எழுந்தார்.

"நீலின்னா மொதல்ல செடி சார், நெறம் சார். பழி பின்னால வந்தது. யாரு சேத்தாங்கன்னுதான் தேடிக்கினு இருக்கறேன்" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்படித் தேடியவருக்கா இந்த நிலை? சென்ற மாசியில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. உயிர் தப்பியது, பேச்சு போயிற்று. சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்றார்கள் மருத்துவர்கள். அவருக்கு மிஞ்சியது நீலி. தாகத்துக்கும் நீலி, வலிக்கும் நீலி, மகள் காஞ்சனாவைக் கூப்பிடவும் நீலி!

கடைசி நாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கணவர் சீனு தண்ணீர் கொடுத்தார், அம்மையார் தள்ளினார். போர்த்திவிட்டார், அதையும் தள்ளினார். சீனு என்னிடம் திரும்பினார்.

"உங்களுக்கு அர்த்தம் தெரியுமே சார். இன்னா கேக்குதுன்னு சொல்லுங்க சார்."

எனக்குத் தெரிந்த பொருள்களில் எது அவருக்கு உதவும்? அகராதி எதற்கு, நாங்கள் எதற்கு? அம்மையார் சொல்லிக்கொண்டே இருந்தார். விடிவதற்குள் அதுவும் நின்றது.

அன்பர்களே, அம்மையாரின் சாயச்சொல் அகராதியை நாங்கள் முடிப்போம். இந்த மேடையில் உறுதி சொல்கிறேன். நாங்கள் அறிந்தவரை நீலியின் பொருள் எல்லாம் அதில் இருக்கும். அவர் அன்று என்னிடம் கேட்டது மட்டும் இருக்காது. சீனு அவர்களே, அதை எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.