ஒன்பது ரொட்டி தின்ன மாப்பிள்ளை

— ஏங்க, மெதுவாத் தின்னுங்க. குஷ்டகிலருந்து மெக்கானிக் வந்து, கார் பெல்ட்டை மாத்தி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ரொட்டி எங்கேயும் ஓடிடாது.

— உனக்கு என்ன தெரியும் பாகீ? பெங்களூர் போனப்புறம் இப்படிச் சோள ரொட்டியைக் கண்ணால பார்த்திருக்கேனா? ஆவி போறதுக்குள்ள கத்திரிக்காயைத் தொட்டு உள்ள தள்ளிடணும். யம்மா, இன்னொண்ணு போடுங்க!

— போடறேன் அண்ணா. இந்த நிங்கவ்வா கடையில யாரும் எண்ணித் தின்னதில்லை. யவ்வா, நீங்களும் கை வைங்க. கடலைப் பொடியில தயிரை ஊத்திக் குழைச்சுக்கங்க.

— ரொட்டி காகிதமாட்டம் மெல்லிசா இருக்கு நிங்கவ்வா. நான் தட்டினா ஓரமெல்லாம் பிளந்துக்கும். பிஜாப்பூர் கல்யாணத்துக்குப் போகாம இங்கேயே உக்காந்துடலாம் போலிருக்கு.

— எங்க வீட்டு ரொட்டியைச் செருப்புத் தோல்னு சொன்னவனும் இருக்கான் யவ்வா.

— யாரு அந்த நாக்குச் செத்தவன்?

— எங்கக்காவைப் பொண்ணு பார்க்க வந்தவன். பதினெட்டு வருஷமாச்சு. அப்ப ஊருக்குள்ள இருந்தோம், இந்த ரோட்டோரக் கடையெல்லாம் இல்லை. பாகல்கோட்டைலருந்து பஸ்ல வந்தாங்க, அவன், அவங்கம்மா, மாமா மூணு பேரும். ஒன்பது ரொட்டி தின்னான் யவ்வா! கதவிடுக்குல நின்னு நான்தான் எண்ணினேன். அதுக்கு மேல நெய் ஊத்தி ரெண்டு கடலைப் போளி.

— பாகீ, கை கழுவு. வண்டிகிட்டப் போய்ப் பார்க்கலாம்.

— இப்பதானே இன்னொண்ணு கேட்டீங்க? சும்மா உக்காருங்க. நீங்க சொல்லுங்க நிங்கவ்வா.

— எட்டு நாள் கழிச்சு ஆள்கிட்டச் சொல்லி அனுப்பினாங்க. பொண்ணுக்கு ரொட்டி தட்டத் தெரியலை, தோலைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு, எங்க வீட்டுக்கு ஆகாதுன்னு. சுத்துப்பட்டு ஊரெல்லாம் பரவிடுச்சு. அப்புறம் வந்தவனெல்லாம் வாசல்லயே அதைக் கேட்டுச் சிரிச்சான். ரெண்டு வருஷத்துல யாரும் வர்றதே நின்னுபோச்சு. அக்கா அப்படியே இருந்துட்டா.

— பாவி! பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வயிறு முட்டத் தின்னுட்டு இப்படியா சொல்லுவான்? அவன் வீட்டுப் பொம்பளை எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ! ஏங்க, மூஞ்சியெல்லாம் ஏன் இப்படி வேர்க்குது? காரமா?

— திட்டாதே பாகீ.

— ஏன் திட்டக் கூடாது?

— அது நான்தான்.

— என்ன உளர்றீங்க?

— நான்தான் பாகீ. உனக்கு முன்னால பார்த்த பொண்ணு. நிங்கவ்வா... அம்மா... எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் எதிர்ல உக்காந்திருக்கேன்னு தெரியலை.

— எந்திரிக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பதினெட்டு வருஷமா கேக்க ஆளில்லாம இருந்தேன். அன்னைக்கு ரொட்டி தட்டினது எங்கக்கா இல்லை, நான். எனக்கு அப்பப் பதினாறு வயசு. அக்காவைச் சிங்காரிச்சு உக்கார வச்சுட்டு, எல்லாம் பொண்ணு கையால செஞ்சதுன்னு அப்பா சொல்லிட்டாரு. அப்புறம் ஊரே சிரிச்சப்ப, போய் உண்மையைச் சொல்றேன்னு நான் குதிச்சேன். எனக்குப் போன பேரு போச்சு, உனக்கும் போக வேணாம்டின்னு அக்கா என் வாயைப் பொத்திட்டா. இப்பச் சொல்லுங்க. நிஜமாவே தோல் மாதிரியா இருந்துச்சு?

— இல்லைம்மா. நல்லா இருந்துச்சு. பொண்ணையும் எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஊருக்குப் போன மறுநாள் இவங்கப்பாகிட்டருந்து ஆள் வந்துச்சு, பாகீயைக் கட்டிக்கிட்டா பெங்களூர்ல வேலை வாங்கித் தர்றேன்னு. உங்க வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பறதுன்னு மாமா கேட்டாரு. என் வாய்ல வந்தது அதுதான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

— அப்ப, எங்கப்பா கொடுத்த வேலைக்காகவா? இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.

— சொல்ற மாதிரியா இருக்கு அது? அம்மா, உங்கக்கா எங்கே இருக்காங்கன்னு சொல்லு. அவங்க கால்ல விழுறேன்.

— எங்கே போவா? சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்புகிட்டத்தான் இருக்கா. அக்கா! தேவக்கா! கேட்டியா?

— கேட்டேன் நிங்கி. கால்ல எல்லாம் விழ வேணாம்னு சொல்லு. வண்டியை விட்டு இறங்கும்போதே ஆளைத் தெரிஞ்சுபோச்சு எனக்கு. அன்னைக்கு அவர் தின்னது என் ரொட்டியே இல்லையே. இன்னைக்காவது நான் தட்டினதைத் தின்னுட்டு என்ன சொல்றார்னு பார்ப்போம்னுதான் மாவை எடுத்தேன்.