ஆரஞ்சு ஆகாது

ஏனுங்க்கா, ஒரு சொளை வாயில வெக்கறதுக்கு இத்தனை யோசனையா? புளிக்காதுங்க, தின்னு பாருங்க. எங்க பெரியம்மா மீனாட்சிபுரத்துலருந்து பஸ்ஸு ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்து குடுத்துட்டுப் போனாங்க.

சளி புடிக்குமாங்களா? அட, நானும் அப்படித்தானுங்க என்ற பையனுக்குக் கண்ணுலயே காட்டாம வெச்சிருந்தேன். நர்ஸ் சேச்சி கேட்டுப்போட்டுச் சிரிக்கறாங்க. ஈறுல ரத்தம் வந்தா இதுதான் தேவையாமா. உங்கூட்டுக்காரருக்கும் நாலு சொளை குடுங்க. வேலந்தாவளம் சந்தையில மாடு ஒதைச்ச காலு, புண்ணு ஆறோணுமல்லங்க? கீரையோட சேத்துத் தின்னா, கீரையில இருக்கற இரும்புச் சத்தும் ஒடம்புல ஒட்டுமாமா. நான் எலுமிச்சம்பழத்தை ரசத்துல பிழிஞ்சு தளதளன்னு கொதிக்க வெப்பேனுங்க. கொதிச்சா சத்துப் போயிருமாமா, எறக்கி வெச்சுட்டுத்தான் பிழியோணுமாமா. கண்ணாலம் ஆன நாள்லருந்து எங்கூட்டுல எல்லாருக்கும் வெறும் புளிப்பைத்தான் ஊத்தியிருக்கறேன், போங்க.

எங்கூட்டுக்காரருக்கா? அவருக்கு ஆகாதுங்க. கிட்னி கெட்டுப்போச்சல்லங்க. இந்தப் பழத்துல ஏதோ ஒரு உப்பு இருக்குதாமா, அதை வெளிய தள்ள அவரு ஒடம்புல தெம்பில்லையாமா. ஊருக்கே சத்து, அவருக்கு மட்டும் வெசம். ஆனாப் பாருங்க, ஆஸ்பத்திரின்னாலே ஆரஞ்சுதான்னு வர்ற சனமெல்லாம் அதையே தூக்கிட்டு வருது. அவரு தோலை மோந்து பாத்துட்டு, இந்த ஆறுச்சாமி பேரைச் சொல்லி வார்டே கொழுக்குதுடீம்பாரு.

தூங்கறாருங்க இப்ப. காத்தால டாக்டரு என்னைய மட்டும் வராந்தாவுக்குக் கூப்புட்டாரு. இனி அவரு என்ன கேட்டாலும் குடும்மான்னாரு. உப்புக்கூடவாங்க? குடு. ஆரஞ்சுமாங்க? அதையும் குடுன்னாரு. பத்தியம் தீந்துதுன்னு நான் சிரிச்சுப்போட்டேனுங்க. டாக்டரு சிரிக்கலை. அப்பறந்தான் எனக்கு ஒறைச்சுது.

அழுவலீங்க. அழுதா மூஞ்சி வீங்கிருமல்லங்க, எந்திரிச்சதும் கண்டுக்குவாரு. நான் கையில எடுத்து நீட்டுனாலும் கண்டுக்குவாரு, இவளே குடுக்கறாளேன்னு.

அக்கா, நான் பையனைத் தூக்கிட்டுக் கொழாயடிக்குப் போறேன். அவரு முழிச்சதும் நீங்க ஒண்ணு உரிச்சு, உம்பொண்டாட்டி வந்தாச் சண்டைக்கு வருவா, அவ பாக்கறதுக்குள்ள தின்னுருன்னு சொல்லி, திருட்டுத்தனமாக் குடுக்கற மாதிரிக் குடுத்துருங்க்கா.