பழைய பாட்டிலில் புது ஆயில்

எங்கள் மலையில் மிதுன மாதம் பிறந்து மழை பிடித்தால் ஜாடியில் உப்பு நிற்காது. கசிந்து தண்ணீராகிவிடும். பிரேக் ஆயிலும் அப்படித்தான், சார். ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. எண்ணெயாக இருந்தால் தண்ணீரோடு சேராது. இது காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே குடிக்கும், குடித்தது வெளியே தெரியாது. அதனால்தான் சீல் உடைக்காத பாட்டிலாக வாங்கச் சொல்கிறார்கள். மிஞ்சியதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கக் கூடாது.

மேசைமேல் இருக்கும் இந்த இரண்டு பாட்டில்களைப் பற்றிக் கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

சென்ற வருஷம் என் பி.எஸ்சி. முடிவு வந்தது. நான் தனியாகக் கோட்டயம் போய்ப் பார்த்தேன். பௌதிக வேதியியலில் தோற்றிருந்தேன். வீட்டுக்கு வரும்போது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பாஸ் என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி மட்டும் அவள் சந்தோஷமாகத் தூங்கட்டும், காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் அவள் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியார் அச்சனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பாஸானவர்களின் பெயரை வாசிப்பார்கள். என் பெயர் மூன்றாவதாக வந்தது. அதற்குப் பிறகு சொல்வதற்கு இடமில்லை. செப்டம்பரில் திரும்ப எழுதலாம் என்று விண்ணப்பம் வாங்கினேன். நிரப்பவும் செய்தேன். அனுப்பவில்லை.

இந்த ஜூனில் பள்ளியில் ஓர் இடம் காலியானது. அச்சன் எனக்கே தருவதாகச் சொன்னார், சர்ட்டிஃபிகேட் மட்டும் வேண்டும் என்றார். அது வரவில்லை, யுனிவர்சிட்டியில் தாமதம் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் அண்ணன் சாக்கோச்சன் அதற்கு ஒரு முடிவு கட்டினார்.

"திங்கக்கிழமை நானே காலேஜுக்குப் போய் வாங்கிட்டு வர்றேன்."

"வேண்டாம் இச்சாயா, நான் போய்க்கிறேன்."

"நீயா? ஆபீஸ் ஜன்னல்ல நின்னு நீ வாயத் திறக்கறதுக்குள்ள அவங்க பூட்டிட்டுச் சாப்பிடப் போயிருவாங்க."

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜீப்பில் பிரேக் கொஞ்சம் இறங்கிப் பிடிக்கிறது, மலை இறங்குவதற்கு முன் ஆயில் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அவர் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறவர் இல்லை. எல்லாம் எங்கள் முற்றத்திலேதான். புது பாட்டில் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். கடைக்காரன் சாதாரண ஆயிலைக் காட்டினானாம். மலை இறங்குகிறவனுக்கு அது போதாது, சூடு தாங்குகிறதைக் கொடு என்று சண்டை போட்டு வாங்கினாராம். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தின் அடியில் படுத்து, காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் பெடலில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் பெடல் எப்போதும் நான்தான். சனிக்கிழமை மழை விட்ட நேரத்தில் ஆரம்பித்தோம்.

"எடீ ரோஸிலி, மிதிக்கச் சொன்னா பூவையா மிதிக்கிறே? நல்லா அழுத்துடீ. ஒண்ணு, ரெண்டு, மூணு. பிடி."

பிடித்தேன். அவர் நிப்பிளைத் திறந்தார். பெடல் என் காலடியில் மெதுவாக இறங்கியது. அவர் மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். நான் ஒரு தடவைகூட முன்னதாக எடுக்கவில்லை. அதை நீங்கள் அண்ணனிடமே கேட்கலாம்.

புது பாட்டிலைக் கொடுத்தபோது அவர் மூடியைப் பார்த்தார்.

"சீல் எங்கேடீ?"

"நான்தான் உடைச்சேன். உங்க கையெல்லாம் கிரீஸ்."

"பரவாயில்ல. டீச்சருக்குப் புத்தி வந்திருச்சு."

நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் கல் மாதிரி இருந்தது. பள்ளிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நன்றாகப் பிடித்தது. பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். குளிர்ந்திருக்கும்போது எந்த ஆயிலும் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் சக்கரம் கொதிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியை அழுத்தலாம், அது அமுங்கும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. புது பாட்டிலில் இருந்தது, போன ஈஸ்டருக்கு முன் உடைத்து மூடி தொலைந்து அலமாரியில் கிடந்த மிச்சம். அதோடு கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரும் சேர்த்தேன். நல்ல ஆயிலைப் பழைய பாட்டிலில் ஊற்றி அதே அலமாரியில் வைத்தேன். ஏன் கொட்டவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல ஆயில், சார். அண்ணன் சண்டை போட்டு வாங்கியது.

திங்கட்கிழமை காலை என்னையும் வரச் சொன்னார். தலைவலி என்றேன். அப்போது பக்கத்து வீட்டு ஷைனி குடையோடு ஓடி வந்தாள். எங்கள் பக்கத்தில் ஜீப் காலியாக மலை இறங்காது. யாராவது ஆஸ்பத்திரிக்கோ ரேஷன் ஆபீசுக்கோ போக இருப்பார்கள், ஏறிக்கொள்வார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். கோட்டயத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது.

"சாக்கோச்சா, பின்னாடி போட்டுக் குலுக்காதீங்க. முன்னாடி உக்காந்துக்கிறேன்."

"ஏறு ஏறு. ரெண்டு டிக்கெட்டுக்கு ஒரு சீட்டுதான்."

"நீ வரலையாடீ?" என்று என்னைக் கேட்டாள்.

"தலைவலி."

"இன்னும் ஒரு பிள்ளையக்கூடப் பார்க்கல, அதுக்குள்ள டீச்சருக்குத் தலைவலி வந்திருச்சே."

நான் உள்ளே போய் ஒரு தலையணை எடுத்து வந்து அவள் முதுகுக்குக் கொடுத்தேன். மழையில் ஜீப் உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு முறை சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்ல அந்த நேரம் போதும். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அம்மா கட்டாயம் கேட்பாள்.

குட்டிக்கானம் தாண்டினால் முண்டக்கயம்வரை இறக்கம்தான். டீசல் மிச்சம் பிடிக்க எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் கியரை எடுத்துவிட்டுப் பிரேக்கிலேயே இறங்குவார்கள். அண்ணனும் அப்படித்தான். இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது.

ஷைனி இறந்துபோனாள். குழந்தையைச் சேர்த்தால் இரண்டு பேர். அண்ணனுக்கு இடுப்பும் காலும் போயின. மெடிக்கல் காலேஜில் கிடக்கிறார். "நான்தான் பாட்டில் மாத்தி ஊத்திட்டேன், எடீ, நான் பார்க்கவே இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். ஷைனியின் கணவன் வார்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே வருவதில்லை, திட்டுவதுமில்லை. அண்ணன் அவனைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். மூன்று வாரமாக நான் கஞ்சி கொண்டுபோய் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜீப் வழியில் நின்றுவிடும், அண்ணன் திரும்பி வந்துவிடுவார், அவ்வளவுதான் நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்தேன். இங்கே உட்கார்ந்து வரிசையாகச் சொல்லும்போது அது சரியாக வரவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் பேட்டரி வயரைப் பிடுங்கியிருக்கலாம். பிரேக் போன ஜீப் நிற்காது. அதை நான் அறிந்துதான் செய்தேன். ஷைனி ஏறியதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நான் செய்ததுதான். அண்ணன் மேல் ஒரு தவறும் இல்லை, அதை முதலில் எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், சார். காரணம் என்று எழுதும் இடத்தில் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் மேல் கோபம் என்று போடலாம், சித்தம் கலங்கியவள் என்றும் போடலாம். இதைக் கோர்ட்டில் சத்தமாக வாசிப்பார்கள் அல்லவா? அம்மா அங்கே இருப்பாள். கொலை செய்தேன் என்பதை அவள் எப்படியும் தாங்கிக்கொள்வாள்.