பின்வேலிச் சத்தம்

எழுபதுகளில் ஒரு ஜூலைக் காலை, ஒஸ்திரேலியாவில் டண்டினொங் ரயிலில் எனக்கு எதிரே யாழ்ப்பாணத்து நண்பர்கள் இருவர் இருந்தார்கள். பேப்பர் வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்:

“இஞ்சத்தைச் சொக்கரை மனிசன் பாப்பானே மச்சான்? எனக்கு இங்கிலாந்து லீக்தான்.”

“அதென்ன சொக்கர்? புட்போல் எண்டு சொல்லன்.”

“இஞ்ச புட்போல் எண்டால் முட்டைப் பந்தையெல்லே தூக்கிக்கொண்டு வருவாங்கள்.”

பேப்பரை மடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“லண்டனிலையிருந்து அண்ணர் கடிதம் போட்டிருக்கிறார். அங்க கோடைக்கு மட்ச் இல்லையாம். ஒஸ்திரேலியா மட்சிலதான் பந்தயம் கட்டுகினமாம். எங்கட டண்டினொங் டீம் எப்பிடி எண்டு கேக்கிறார்.”

“என்ன எழுதினனி?”

“என்னத்தை எழுத? அவங்கள் எங்க விளையாடுறாங்கள் எண்டே தெரியாது.”

“உன்ர பின்வேலிக்கு அங்காலதானடா. சத்தம் கேக்கேல்லையே?”

“அதுவோ? அந்தச் சத்தத்தை நிப்பாட்டச் சொல்லிப் போன கிழமைதானே கவுன்சிலுக்கு எழுதினனான்!”