எண்ணூர் மட்டியை முகர்ந்தவன் சொன்னது

என் பெயர் தேசப்பன், வயது ஐம்பத்தெட்டு, தகப்பனார் பெயர் எத்திராஜ். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில், அம்மன் கோயில் தெருவில் குடியிருக்கிறேன். தொழில் மீன்பிடி, முட்டி தேய்ந்த பிறகு கிழிந்த வலையைப் பொத்துகிறேன். ஏழாவது வரை படித்தேன். எட்டாவதில் சேர்ந்திருந்தால் வாத்தியாருக்கு வேலை போயிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இறந்துபோன ரகுபதி, என் தங்கை செல்லம்மாவின் மகள் பவானியைக் கட்டியவர். நான் பவானிக்குத் தாய்மாமன். ஆஸ்பத்திரியில் நான் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு விஷயம் பொய். அதைத் திருத்த யாரும் கூப்பிடாமல் நானாக நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் கழிமுகத்தில் கப்பல் எண்ணெய் வந்து படிந்த வருடத்திலிருந்து, எந்த வீட்டிலும் மீனை முகர்ந்து பார்க்காமல் உலையில் போடுவதில்லை. மூக்கு நம்பகமானவர் ஒருவரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் சமைப்பார்கள். எங்கள் தெருவுக்கு அந்த ஆள் நான். ஒரு வஞ்சிரத்தை மூடிய பெட்டிக்குள் வைத்தே எண்ணெய் பட்டது, படாதது என்று சொல்லியிருக்கிறேன். மீஞ்சூரிலிருந்துகூட கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கலெக்டரே என் மூக்கைப் பார்க்க ஜீப்பில் வந்தார் என்று சொன்னபோது உதவி ஆய்வாளர் அவர்கள், “பெரியவரே, கலெக்டரை அங்கியே வுட்டுட்டு ரகுபதி கிட்ட வாங்க,” என்றார். கலெக்டர் வரவில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை வந்தார், அதுவும் வேறு வேலையாக.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ரகுபதி பாலத்துக் கற்களில் முழுகி ஒரு கூடை பச்சை ஓட்டு மட்டிச் சிப்பி பறித்துக்கொண்டு வந்தார். ஆடி என்றாலும் ஒரு வாரமாகக் காற்றும் இல்லை, அலையும் இல்லை, நடுவில் ஒரு நாள் மழை, மற்றபடி நல்ல வெயில். தனியாக முழுகப் போனதற்காக முந்தின நாளே பவானி அவரோடு சண்டை போட்டிருந்தாள். “தண்ணிலியே போய் செத்துக் கெட,” என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. அதைத்தான் ரகுபதியின் அண்ணன் பவானி மேல் கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறார். அவள் அப்படிக் கத்துவது புருஷன் திரும்பி வந்த பிறகுதான். வரும்வரை கரையில் நின்றுகொண்டே இருப்பாள். அதைப் புகாரில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடை வந்ததும் பவானி மட்டியை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஓடு திறந்ததும் சட்டியோடு, அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “மாமா, இத்த மோந்து பாரு. எனுக்கு காப்பு கட்டிக்கீது, நாக்குல வைக்க மாட்டேன்,” என்றாள். ஆடி மாதம் அம்மனுக்கு அவள் மஞ்சள் காப்பு கட்டியிருந்தாள். வேண்டுதல் ரகுபதிக்காக, அவர் கடலுக்குப் போய் வருவதற்காக. பிறகு வைத்த குழம்பை அவள் சாப்பிடாததற்குக் காரணம் அந்தக் காப்பு. வேறு எதுவும் இல்லை.

ரகுபதி தலையைத் துவட்டிக்கொண்டே, “தண்ணி டீ கலர்ல கீது மாமா, அதான் ஒரு மாதிரியா கீது,” என்றார். நான், “எண்ணெ வந்தா கருப்பு, கரண்டு கம்பெனி சாம்பல் வந்தா வெள்ள. டீ கலருக்குப் பயந்தா டீயே குடிக்க முடியாது நைனா. மாமன் மூக்கு மேல சந்தேகமா?” என்றேன். அவர் சிரித்தார். நான் முகர்ந்தேன். எண்ணெய் இல்லை, அழுகல் இல்லை. அதன் பிறகு, மசாலா எதுவும் சேர்ப்பதற்கு முன்பே, சட்டியிலிருந்து நான்கு மட்டியை எடுத்துத் தின்றேன். முதல் வாக்குமூலத்தில் ஒரு தட்டு நிறைய என்று சொன்னேன். நான்குதான்.

அதன் பிறகு பவானி குழம்பு வைத்தாள். ரகுபதி இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். கை கழுவும்போது, “மாமா, உதடு மரத்துகினு போவுது,” என்றார். நான், “காரம் தாங்கலியாடா உனுக்கு? ஊட்டுக்காரி கையில மொளகா எண்ணியா வுழும்?” என்று கேலி செய்தேன். அந்த நேரத்தில் என் உதடும் மரத்திருந்தது. விரல் நுனியும் ஊசி குத்துவதுபோல இருந்தது. நான் தின்றதில் மிளகாயே கிடையாது. எனக்கும் அப்படித்தான் என்று அப்போது நான் சொல்லவில்லை. என் உடம்பு கல்லையும் செரிக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு ரகுபதிக்குக் கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. ஆட்டோவில் என் மடியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருக்கு நினைவு தப்பவில்லை. நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டது. கண் மட்டும் என்னையும் பவானியையும் மாறி மாறிப் பார்த்தது. வழியில் கல்மண்டபம் தாண்டும்போது மூச்சு நின்றது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை, கண் திறந்தே இருந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸார் கேட்டபோது, நானும் அதே மட்டியை ஒரு தட்டு தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதனால்தான் மட்டி நல்லது, குழம்பில்தான் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று பவானி மேல் சந்தேகம் விழுந்தது. நான் உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். தனக்கு ஆதரவாக அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று ஏன் என்று கேட்டேன். “நீயே சொல்லுவன்னு பாத்தேன் மாமா,” என்றாள்.

இன்று காலை, கழிமுகத்தில் தண்ணீர் எடுக்க வந்த ஆஃபியா என்கிற ஆராய்ச்சிக்கார அம்மாவிடம், ரகுபதி சொன்ன அந்த டீ கலர் என்னவென்று கேட்கப் போனேன். அவர் ஒரு சொட்டுத் தண்ணீரை, பெரிதாகத் தெரியவைக்கும் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக, நடுவில் பள்ளம் விழுந்து, பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருந்தன. “இது பாசிங்க ஐயா. தனியா ஒண்ணு இருந்தா கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்குல பெருகினாதான் தண்ணி நிறம் மாறும்,” என்றார். மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பதால் அந்தப் பாசியின் விஷம் அதன் உடம்பில் சேருமாம், மட்டிக்கு ஒன்றும் ஆகாதாம், வேகவைத்தாலும் போகாதாம். முதலில் உதடு, அப்புறம் விரல், அப்புறம் மூச்சு என்றார். “குழம்பு வைக்கிறதுக்கு முன்னாடி யாராவது வெறும் மட்டி சாப்பிட்டாங்களா?” என்று அவர் கேட்டார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

வருவதற்கு முன், அதே கற்களில் பறித்து ஐஸில் வைத்திருந்த மட்டியை அவரிடம் கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டும் முகர்ந்தேன். எண்ணெய் இல்லை. அழுகல் இல்லை. சுத்தமான கடல் வாசனை. இன்னொரு முறை பவானி சட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும், நல்லது, சமைம்மா என்றுதான் சொல்லியிருப்பேன்.

எழுத்தர் இதை எனக்குச் சத்தமாகப் படித்தார், கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே இருக்கிறது. மேலே கண்ட யாவும் உண்மை. வெறும் மட்டியைத் தின்று எனக்கும் உதடு மரத்தது என்பதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

(ஒப்பம்) எ. தேசப்பன்