பின்தங்கிய பகுதிச் சலுகை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை. நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நன்னிலத்துக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். நான் பஞ்சாயத்துத் தலைவர். எந்தக் கழகம் ஆண்டாலும் நான்தான். வேட்டிக்கரையை மட்டும் மாற்றிக்கொள்வேன். பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால் சலுகை என்று அரசாங்கம் அறிவித்தபோது, எங்களைவிடப் பின்தங்கிய ஊர் தாலுகாவிலேயே கிடையாது என்று நானே போய் நிரூபித்தேன். மில் வரவில்லை. சீட்டாட்ட கிளப்தான் வந்தது. சீட்டாட்டத்துக்குச் சலுகை கிடையாதாம். அதனால் வாசலில் பஜ்ஜி போட்டு, உணவுத் தொழில் என்று பதிவு செய்தோம்.

கிளப் பஞ்சாயத்துக்குக் கேளிக்கை வரி கட்டும். பஞ்சாயத்து அதை ஊக்கத்தொகையாகக் கிளப்புக்கே திருப்பித் தரும். ஊருக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்டார்கள். மின்விசிறியோடு உட்கார ஓர் இடம் கிடைத்ததே. தண்ணீர் வராத வருஷங்களில் விவசாயிகள் வயலுக்குப் பதிலாக அங்கே போனார்கள். தோற்றவர்கள் நிலத்தை விற்றார்கள். நான் வாங்கிக்கொண்டேன். வேறு யார் வாங்குவார்கள்?

ரெத்தினம் மட்டும் சீட்டைத் தொடவில்லை. அவனுடைய நிலம், உச்சவரம்புச் சட்டத்தில் எங்கள் குடும்பத்தை விட்டுப் போன நிலம். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

இந்த வருஷம் காவிரித் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. அதுதான் சிக்கல். ஊரே நடவுக்குப் போக, கிளப்பில் மேசைகள் காலி. சலுகையை நீட்டிக்க அதிகாரி வேறு பார்வையிட வருகிறார். பச்சைப்பசேல் என்றிருக்கும் ஊரை எப்படிப் பின்தங்கிய ஊர் என்று காட்டுவது? வாய்க்கால் மதகை இறக்கிப் பூட்டினேன். பயிர் வாடத் தொடங்கியது.

ரெத்தினம் வந்தான். "தலைவரே, பயிரு கருகுதுங்க. மதகுச் சாவியக் குடுங்க."

"அதிகாரி வந்து பாத்துட்டுப் போகட்டும்பா."

"அதுவரைக்கும் தாங்காதுங்க."

அதிகாரி வரும் அன்று உச்சிவெயிலில் மதகுப் பக்கம் போனேன். ரெத்தினம் பூட்டை உடைத்து, பலகையைப் பாதி தூக்கியிருந்தான். அடியில் சிக்கிய கட்டையை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கிக் கையை விட்டிருக்கிறான்.

"நல்லவேளை வந்தீங்க. கை மாட்டிக்கிச்சு. திருகைச் சுத்திப் பலகையக் கொஞ்சம் மேல தூக்குங்க தலைவரே."

தூரத்தில் ஜீப்பின் புழுதி தெரிந்தது. திருகைச் சுற்றிப் பலகையை இறக்கினேன். அது மெதுவாகத்தான் இறங்கும். அதனால் ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். மதகு மூட மூடத் தண்ணீர் அவன் கழுத்துக்கு ஏறியது, பிறகு வாய்க்கு. அதற்கப்புறம் அவன் எதுவும் கேட்கவில்லை.

அதிகாரி வெடித்த வயல்களை மட்டும் பார்த்தார். "ரொம்ப நல்லா பின்தங்கியிருக்கு" என்றார். இளநீர் குடித்துவிட்டுச் சலுகையை நீட்டித்தார்.

ரெத்தினம் செத்தது விபத்து என்று முடிந்தது. உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு வேலை தர வேண்டும் என்று சலுகையில் நிபந்தனை உண்டு. அவன் மனைவி காளியம்மாளையே பஜ்ஜி போட வைத்தேன். யார் செய்வார்கள் இதை?

அன்றைக்கு நாற்றங்காலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள், புகார் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் புகார் அவளுடையதாக இருக்காது, ஐயா. தினமும் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவளுக்கு நான் தெய்வம் மாதிரி.